கண்ணு, கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு கடிதம்

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி ஓசூரிலிருந்து நீ அனுப்பிய, கண்ணாடியே வேண்டாமென்று லேசர் சிகிச்சை செய்கிற ஆஸ்பத்திரியின் விளம்பரத்தைப் பார்த்தேன். "பத்து நிமிஷம்தான் அத்தை, தை பிறக்கறதுக்குள்ள முடிச்சுடலாம்" என்று கீழே எழுதியிருந்தாய். போனில் பேசினால் நீ அவசரப்படுவாய், நான் கோபப்படுவேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். உன்னைப் போல யோசித்துக்கொண்டிருக்கிற மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்று பொதுவில் போடுகிறேன்.

நான் லேசருக்கு எதிரி இல்லை. 2009-ல் நானே செய்துகொண்டவள்தான். மறுநாள் காலையில் எழுந்து, தலையணைப் பக்கம் கண்ணாடியைத் தேடாமல், எதிர்ச் சுவரில் இருந்த காலண்டர் தேதியைப் படித்தேன். அழுதுவிட்டேன். அந்தச் சந்தோஷம் உனக்கும் கிடைக்க வேண்டும். ஆனால் கண்ணின் முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கிற கார்னியாவில் என்ன செய்யப்போகிறார்கள் என்று அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனேன். நீ அப்படிப் போகக் கூடாது.

ஜெராக்ஸ் தாள் ஐந்தை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து விரலால் அழுத்திப் பார். கார்னியாவின் நடுப்பகுதி ஏறக்குறைய அவ்வளவு கனம்தான். பெரும்பாலானவர்களுக்கு 500 முதல் 550 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டரும் அதற்குக் கொஞ்சம் மேலும். கருவிழிக்கு முன்னால் வாட்ச் கண்ணாடி மாதிரி வளைந்து நிற்கிறது. அதில் ரத்தக் குழாய் கிடையாது, மூச்சுக்காற்றைக் கண்ணீர் வழியாக நேரே வெளியிலிருந்து வாங்கிக்கொள்கிறது. கண்ணுக்குள் வரும் வெளிச்சத்தை வளைக்கிற வேலையில் மூன்றில் இரண்டு பங்கை இதுதான் செய்கிறது. கிட்டப்பார்வைக்காரர்களுக்குப் பெரும்பாலும் கண் உருண்டை கொஞ்சம் நீண்டிருக்கும், அதனால் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடும். கார்னியாவின் நடுவைச் சீவித் தட்டையாக்கினால் பிம்பம் பின்னால் தள்ளிப்போய்ச் சரியான இடத்தில் விழும். லேசர் செய்வது அதைத்தான்.

சீவுகிற அந்த லேசரின் கதையில் நம்ம ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். மெட்ராஸில் 1929-ல் பிறந்து அங்கேயே படித்த ரங்கசாமி சீனிவாசன். அமெரிக்காவில் ஐபிஎம் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தபோது, 1981 நவம்பரில், பண்டிகைச் சாப்பாட்டில் மிஞ்சிய வான்கோழியின் எலும்பையும் தசைநாரையும் எடுத்துவந்து எக்ஸைமர் லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார். கருகவில்லை, சுற்றியிருந்த இடம் கெடவில்லை, கோடு போட்ட மாதிரி வெட்டு விழுந்தது. 193 நானோமீட்டர் புற ஊதா ஒளி அது. ஒவ்வொரு துடிப்புக்கும் கால் மைக்ரான் அளவுக்குத்தான் எடுக்கும். இவ்வளவு நுட்பமான கருவி வந்த பிறகும் தவறு நடக்கிறதென்றால், அது பெரும்பாலும் யாருக்குச் செய்வது என்று முடிவு பண்ணுகிற இடத்தில்தான்.

இப்போது கணக்குக்கு வா. போன வாரம் நீ அனுப்பிய சீட்டில் கார்னியா 498 மைக்ரான், பவர் மைனஸ் அஞ்சரை. லாசிக் என்கிற லேசர் முறையில் முதலில் மேலே ஒரு மூடி மாதிரி வெட்டித் திறப்பார்கள், அதற்கு 110 வைத்துக்கொள். அப்புறம் ஒரு பவருக்குச் சுமார் 12 முதல் 15 மைக்ரான் சீவ வேண்டும். 14 என்று வைத்தால் அஞ்சரைக்கு 77. மிச்சம் 311. அடியில் 250-க்குக் குறையவே கூடாது என்பது பழைய கணக்கு, இப்போது நிறைய டாக்டர்கள் 300 வேண்டும் என்கிறார்கள். கார்னியாவின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாததற்குப் போடுகிற சிலிண்டர் பவரையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் போகும். நீ வரம்பின் ஓரத்தில் நிற்கிறாய் கண்ணு.

சீவியது திரும்ப வளராது. கார்னியாவின் மேல்தோல் கீறினால் சில நாளில் மூடிக்கொள்ளும். ஆனால் கனத்தில் பத்தில் ஒன்பது பங்கு இருக்கிற நடு அடுக்கு அப்படி இல்லை. கொலாஜன் நார்கள் பாய் பாயாக, இருநூறுக்கும் மேல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். கண்ணுக்குள்ளிருந்து வரும் அழுத்தத்தை அந்தப் பாய்கள்தான் தாங்குகின்றன. வெட்டித் திருப்பி மூடிய மேல் மூடி ஒட்டிக்கொள்ளும், ஆனால் பழைய மாதிரி பாரம் தாங்காது. அடியில் மிஞ்சியதே முழுச் சுமையையும் சுமக்க வேண்டும். அது போதாமல் போனால் கார்னியா மெல்ல முன்னால் பிதுங்கும். பார்வை கோணும், கண்ணாடி போட்டாலும் தெளியாது. அடிக்கடி நடப்பதில்லை. நடந்தால் ரிபோஃப்ளேவின் சொட்டும் புற ஊதா ஒளியும் வைத்து நார்களை இறுக்குகிறார்கள், கெட்டியான கான்டாக்ட் லென்ஸ் போடச் சொல்கிறார்கள். போனது அப்படியே திரும்பாது.

உன்னைப் பற்றி எனக்கு இன்னொரு பயம் இருக்கிறது. மாம்பூ காலத்தில் கிருஷ்ணகிரி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, இரண்டு முஷ்டியாலும் கண்ணைக் கசக்குவாயே. பாட்டி கையைத் தட்டிவிடுவாள், அவள் அந்தப் பக்கம் போனதும் மறுபடி கசக்குவாய். இப்போதும் கசக்குகிறாய், போன தீபாவளிக்குப் பார்த்தேன். அப்படி ஓயாமல் கசக்குகிறவர்களுக்குக் கார்னியா கூம்பாகிற கெரட்டோகோனஸ் வருவதற்கு வாய்ப்பு அதிகம். ஆரம்பத்தில் சாதாரணப் பரிசோதனையில் தெரியாது. கண்ணாடி பவர், அதிலும் சிலிண்டர், மாறிக்கொண்டே இருக்கும். உன் இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சிலிண்டர் முக்காலிலிருந்து ஒன்றே கால் ஆகியிருக்கிறது, மைனஸ் அரை ஏறியிருக்கிறது, அதுவும் ஒரே வருஷத்தில். அது ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். ஆனால் பவர் ஒரு வருஷமாவது நிலையாக நிற்காதவர்களுக்கு லேசர் செய்யக் கூடாது என்பது அடிப்படை விதி. அந்தக் கண்ணில் கூம்பின் ஆரம்பம் இருந்து, அதன்மேல் லேசர் வைத்தால், பலவீனமான சுவரை இன்னும் செதுக்குவதுதான் அது.

அதனால் கனத்தை மட்டும் கேட்காதே. கார்னியாவின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுக்கிற ஸ்கேன் உண்டு, கலர் கலராக மேப் வரும். அதை டாக்டர் உன் முன்னால் வைத்து விளக்க வேண்டும். மேப்பைக் காட்டாமல் தேதி கொடுக்கிற இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடு.

"அப்போ ஸ்மைல் பண்ணிக்கறேன்" என்பாய். அந்த லேசர் முறையில் மூடி வெட்டுவதில்லை, சின்னத் துளை வழியாக உள்ளிருந்து ஒரு வில்லையை உருவி எடுக்கிறார்கள். பி.ஆர்.கே. என்கிற இன்னொரு லேசர் முறையில் மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டுச் சீவுகிறார்கள். நாலைந்து நாள் நல்ல வலி இருக்கும், ஆனால் அடியில் அதிகம் மிஞ்சும். எந்த முறையிலும் நடு அடுக்கு குறையத்தான் செய்யும். கூம்பு ஆரம்பித்திருந்தால் பெயரை மாற்றிப் பயனில்லை.

எனக்கு நடந்ததையும் கேள். மூடி வெட்டும்போது கார்னியாவின் நரம்புகளும் அறுபடும். உடம்பிலேயே நரம்பு நெருக்கமாக இருக்கிற இடங்களில் அது ஒன்று. நரம்பு அறுந்தால் கண்ணீர் சுரக்கச் சொல்லும் செய்தி குறையும். ஆறு மாதம், ஒரு வருஷத்தில் பெரும்பாலும் திரும்பிவிடும் என்கிறார்கள். எனக்கு இரண்டு வருஷம் ஆனது. வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று சொட்டு விட்டுக்கொள்வேன். பேனாவைவிட அந்தச் சொட்டு பாட்டில்தான் கைப்பையில் முக்கியமாக இருந்தது. ராத்திரியில் உன் மாமா பக்கத்தில் உட்கார, சேலத்திலிருந்து நான் கார் ஓட்டி வந்தபோது தொப்பூர் கணவாயில் எதிரே இறங்கிய ஒவ்வொரு லாரி விளக்கும் பெரிய வட்டமாக விரிந்தது. எது லாரி, எது வட்டம் என்று தெரியவில்லை. ஓரமாக நிறுத்தி அவரை ஓட்டச் சொன்னேன். அந்த வட்டம் இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் கணவாயில் ராத்திரி நான் இன்றும் ஓட்டுவதில்லை. நீ ஷிப்ட் முடிந்து ஹைவேயில் வண்டியில் வருகிறவள்.

கார்னியாவைச் சீவினாலும் கண் உருண்டையின் நீளம் குறையாது. பின்னால் இழுபட்டிருக்கிற விழித்திரை அப்படியேதான் இருக்கும். கண்மணியை விரித்து அதையும் பார்க்கச் சொல். மின்னல் மாதிரி தெரிந்தாலோ, திடீரென்று நிறையப் புள்ளிகள் மிதந்தாலோ அன்றைக்கே போக வேண்டும், லேசர் செய்திருந்தாலும் சரி. நாற்பது தாண்டினால் படிக்கிற கண்ணாடியும் வரும், எனக்கு வந்துவிட்டது.

உன் அம்மா கவலை எனக்குப் புரிகிறது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் சோடாபுட்டி என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது, அது வலித்தது. ஆனாலும், வருகிற மாப்பிள்ளை வீட்டுக்காக உன் கார்னியாவில் 77 மைக்ரானைக் கொடுக்க நான் சம்மதிக்கமாட்டேன். நீயே, உனக்காக வேண்டும் என்றால், நானே கூட வந்து உட்கார்ந்திருப்பேன்.

இன்றைக்கே கான்டாக்ட் லென்ஸைக் கழற்றி டப்பாவில் போடு. லென்ஸ் அழுத்திய கார்னியாவில் மேப் சரியாக வராது, இரண்டு வாரமாவது சும்மா விட வேண்டும். பழைய கண் சீட்டு எத்தனை இருக்கிறதோ அத்தனையும் எடுத்துக்கொண்டு மூன்றாவது ஞாயிறு தர்மபுரி வா. திங்கள் லீவு சொல்லிவிடு, நான் ஸ்கேனுக்கு நேரம் வாங்கி வைக்கிறேன். அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன். கண்ணைக் கசக்காதே.

உன் அத்தை