அந்தத் தாளின் பின்பக்கத்தையும் தாருங்கள்: வர்ஜீனியப் பொதுச்சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வர்ஜீனியப் பொதுச்சபை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் தங்கள் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், ஸ்காட் கவுண்டியில் வாழ்க்கைப்பட்ட தமிழ்ப்பெண். என் மாமியாருக்கு வயது 81. அவருடைய தாய்வீட்டுக் குடும்பப்பெயர், மாநிலப் பிறப்பு இறப்புப் பதிவாளராக 1912 முதல் 1946 வரை வீற்றிருந்த வால்டர் பிளெக்கர் 1943 ஜனவரியில் அனுப்பிய சுற்றறிக்கையில், லீ, ஸ்மித் கவுண்டிகளுக்கான வரியில், ‘பெரும்பாலும் டென்னசி மெலஞ்சன்கள்’ என்ற குறிப்போடு அச்சாகியிருக்கிறது. மெலஞ்சன் என்பது இந்த மலைநாட்டில், ஆப்பிரிக்க, ஐரோப்பிய முன்னோர் கலந்த குடும்பங்களுக்குப் பிறர் இட்ட பெயர். வெள்ளையராகப் பதிவு பெறக் கூடாது என்று பிளெக்கர் கருதிய குடும்பப்பெயர்களின் பட்டியல் அது. அந்தச் சுற்றறிக்கை எந்தெந்த மருத்துவர், பள்ளிக் கண்காணிப்பாளர், நீதிமன்ற எழுத்தர் கைகளுக்குப் போனது என்பதையும், அதன் பின் அந்தக் குடும்பங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தங்கள் சபை 1924 மார்ச் 20 அன்று நிறைவேற்றிய, வெள்ளையர் பிற இனத்தாரை மணப்பதைத் தடுத்த இனத்தூய்மைச் சட்டத்தின் பேரில்தான் அவர் அதைச் செய்தார்.

நான் எழுத வந்தது ஒரே ஒரு தாளைப் பற்றி.

என் மாமியாரின் தாயார் 1925-இல் பிறந்தவர். மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. தன் பிறப்புச் சான்றிதழை எவரும் எடுத்துப் பார்க்கக் கூடாது என்று அவர் பிள்ளைகளிடம் சத்தியம் வாங்கியிருந்தார். மகள் என்ற முறையில் என் மாமியார் எந்த நாளிலும் அதன் நகலைக் கேட்டு வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை. ஆனால் வர்ஜீனியாவில் பிறப்புப் பதிவுகள் நூறு ஆண்டுகள் கழிந்தால் பொதுப்பதிவுகளாகிவிடும். ‘முன்பின் தெரியாத யாரோ என் அம்மாவின் தாளைப் படிப்பதற்கு முன்னால் நான் படித்துவிடுகிறேன்’ என்று சொல்லி, சென்ற ஆண்டு என்னை அழைத்துக்கொண்டு புறப்பட்டார்.

எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. முகப்பில் இருந்த பெண்மணி மரியாதையாகவே நடந்துகொண்டார். கட்டணத்தைப் பெற்றுக்கொண்டு, முத்திரையிட்ட நகலைத் தந்தார். இனம் என்ற கட்டத்தில், பிரசவம் பார்த்த மருத்துவச்சியின் கையெழுத்தில், ‘வெள்ளை’ என்று இருந்தது. என் மாமியார் அதை இரண்டு முறை படித்துவிட்டு, ‘பின்பக்கம்?’ என்றார். பின்பக்கம் சான்றிதழின் பகுதியாகாது, அதற்கு நகல் தரும் வழக்கமில்லை என்று பதில் வந்தது. பின்பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்று நான் கேட்டேன். இருக்கிறது என்றார், அதைத் தர வழியில்லை என்றார். ஆறு வாரங்கள், மூன்று கடிதங்கள், ஐந்தரை மணி நேரக் கார்ப்பயணம் இரண்டு முறை ஆன பிறகு அந்தப் பின்பக்கம் எங்கள் கைக்கு வந்தது. ‘எச்சரிக்கை’ என்று தொடங்கும் அச்சிட்ட தாள் ஒன்று அங்கே ஒட்டப்பட்டிருந்தது. 1830-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அக்குடும்பத்தின் மூதாதை ஒருவர் ‘நிறமுள்ள சுதந்திரர்’ (அடிமையல்லாத, வெள்ளையரும் அல்லாதவர்) என்று பதிவாகியிருப்பதால், முன்பக்கத்தில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம் என்பது அதன் சாரம். ஒட்டியவர் பெயர் இல்லை, தேதி இல்லை, எந்தச் சட்டத்தின் கீழ் என்ற சொல்லும் இல்லை.

அந்த ஒட்டுத்தாளை என் மாமியாரின் தாயார் 1943-லேயே பார்த்திருக்கிறார் என்பது இப்போதுதான் எங்களுக்கு விளங்குகிறது. திருமணத்திற்காக நகல் கேட்டுப் போனவர் அதே வாரம் எல்லை தாண்டி டென்னசியில் மணமுடித்துக்கொண்டார். அடுத்த எட்டு ஆண்டுகளில் நான்கு பிள்ளைகள். ஒவ்வொரு முறையும் மாதம் நெருங்கும்போது, கூப்பிடு தூரத்தில் இருந்த மருத்துவச்சியை விட்டுவிட்டு, மலைப்பாதையில் பிறர் வண்டியில் ஏறி, கிங்ஸ்போர்ட்டில் இருந்த தூரத்து உறவினர் வீட்டில் போய்க் காத்திருந்து பெற்றுக்கொண்டு திரும்பினார். அது ஏன் என்று பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை. அங்கே ஆஸ்பத்திரி நன்றாக இருக்கும் என்பாராம். டென்னசியும் இந்த விஷயத்தில் சொர்க்கம் அல்ல. ஆனால் வர்ஜீனியத் தலைநகர் ரிச்மண்டின் பேனா அங்கே எட்டாது. மூன்றாவது பிரசவம் வழியிலேயே, ஒரு பெட்ரோல் நிலையத்தின் பின்னறையில் நடந்தது. எல்லைக்கு அப்பால் இரண்டு மைல் வந்துவிட்டோமா என்று வலிக்கு நடுவே அவர் கேட்டதை, குடும்பத்தில் இத்தனை காலம் வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். இனி அப்படிச் சிரிக்க எங்களால் முடியாது.

கோடையிலும் முழுக்கைச் சட்டையும் அகலத் தொப்பியும் இல்லாமல் பிள்ளைகளை வெயிலில் விடமாட்டாராம். ‘நாம் போர்ச்சுகீசியர்’ என்பது வீட்டில் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுக்கப்பட்ட விடை. அந்த விடையைப் பொய் என்று சிரிப்பவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்று உண்டு. 1834-இல் டென்னசி தன் அரசியலமைப்பைத் திருத்தி நிறமுள்ள சுதந்திரரின் வாக்குரிமையைப் பறித்தது; 1840-களில் ஹாக்கின்ஸ் கவுண்டியில் மெலஞ்சன் ஆண்கள் வாக்களித்த குற்றத்திற்காகவே வழக்குக்கு உள்ளானார்கள். 1870-களில் சட்டனூகாவில் நடந்த ஒரு சொத்து வழக்கில், இவர்கள் வட ஆப்பிரிக்காவின் பழைய கார்த்தேஜ் நகரத்தாரின் வழிவந்தவர்கள் என்று வாதாடி வென்றதாக வழக்கறிஞர் லூயிஸ் ஷெப்பர்டு எழுதிவைத்திருக்கிறார். நீதிமன்றம் ஏறித் தன் நிலத்தையும் வாக்கையும் காத்துக்கொள்ள ஒரு தொலைதூரத் தாத்தா தேவைப்பட்டால், எவரும் ஒருவரைத் தேடிக்கொள்வார்கள். போர்ச்சுகல், துருக்கி, கரை ஒதுங்கிய மாலுமிகள், காணாமற்போன ரோவனோக் என்ற ஆங்கிலேயக் குடியேற்றம் என்று ஊர் ஊராகக் கதைகள் முளைத்ததில் வியப்பில்லை.

அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கான விடையின் பெரும்பகுதி தங்கள் சபையின் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. 1662-இல் பிள்ளையின் அடிமைநிலையோ விடுதலையோ தாயைப் பொறுத்தது என்று இதே சபை விதித்தது. ஆகவே ஆப்பிரிக்கத் தந்தைக்கும் ஐரோப்பியத் தாய்க்கும் பிறந்த பிள்ளைகள் அடிமைகளாகாமல் நின்றார்கள். 1691-இல் கலப்பு மணம் செய்த வெள்ளையரை நாடுகடத்தவும், அப்படிப் பிள்ளை பெற்ற வெள்ளைப் பெண்ணுக்குப் பதினைந்து பவுண்டு தண்டம் விதிக்கவும், பிள்ளையை முப்பது வயதுவரை ஊழியத்தில் கட்டவும் இதே சபை சட்டம் செய்தது. அந்தப் பிள்ளைகளும் பேரர்களும் ஒவ்வொரு தலைமுறையிலும் கொஞ்சம் கொஞ்சமாக மேற்கே நகர்ந்து, வட கரோலினா வழியாக, நியூமன்ஸ் ரிட்ஜ் மலைமுகட்டிலும் ஸ்டோனி கிரீக் ஓடைக்கரையிலும் வந்து தங்கினார்கள். ஸ்டோனி கிரீக் தேவாலயக் குறிப்பேட்டில் 1813-லேயே மெலஞ்சன் என்ற பெயர் வசையாக எழுதப்பட்டிருக்கிறது. 2012-இல் வெளியான மரபணு ஆய்வும் ஆண்வழிகளில் பெரும்பாலும் ஆப்பிரிக்காவையும் ஐரோப்பாவையும், பெண்வழிகளில் ஐரோப்பாவையும் கண்டது. மலை ஏற வைத்ததும் இந்தச் சபையின் சட்டம். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து மலையில் ஏன் ஒளிந்திருக்கிறாய் என்று கேட்டதும் இந்தச் சபையின் சட்டம்.

1924-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு கருணையும் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. பதினாறில் ஒரு பங்குவரை அமெரிக்க முதற்குடி இரத்தம் இருந்தாலும் வெள்ளையராகவே கொள்ளலாம் என்ற விலக்கு அது. முதற்குடி இளவரசி பொக்கஹொன்டாஸைப் பாட்டியாகச் சொல்லிப் பெருமைப்படும் பெரிய வீட்டுக் குடும்பங்களுக்காக அந்தக் கதவு திறந்து வைக்கப்பட்டது. இளவரசியின் இரத்தம் அழுக்காகாது. மருத்துவச்சி எழுதியது மட்டும் அழுக்காகிவிடும். கவனிக்காத நேரம் பார்த்து இக்குடும்பத்தார் எலிகளைப்போலத் தம் மருத்துவச்சிகள் வழியாகச் சான்றிதழ்களை நுழைக்கிறார்கள் என்று பிளெக்கர் அந்தச் சுற்றறிக்கையிலேயே எழுதியிருக்கிறார். மாநில முத்திரை பெற்ற சொற்கள் அவை.

எனக்கும் இதில் பங்கு உண்டு. கலப்பு மணம் செய்த லவ்விங் தம்பதியர் வழக்கில் 1967 ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை முறிக்காமல் இருந்திருந்தால், கருப்பியான நான் என் கணவரோடு ஒரே கூரையின் கீழ் இருப்பது சிறைக்குரிய குற்றம். எங்கள் திருமண உரிமத்திற்கு விண்ணப்பித்தபோதும் இருவரும் இனத்தைக் குறிப்பிட வேண்டியிருந்தது. 2019-இல் மூன்று ஜோடிகள் வழக்குத் தொடுத்து நிறுத்தும்வரை அந்தக் கட்டம் இருந்தது. ஒரு கவுண்டி தந்த தெரிவுப் பட்டியலில் ‘ஆரியர்’ என்றும் இருந்ததாம். சென்னையில் சொன்னால் யாரும் நம்பவில்லை. 1635-ஆம் ஆண்டு வர்ஜீனியா ஆவணத்தில் ‘கிழக்கிந்தியன் டோனி’ என்று ஓர் ஊழியன் பெயர் இருப்பதைச் சொன்னதும், ‘அப்படியானால் மெலஞ்சன்களும் நம்மவர்கள்தான்’ என்று கிளம்பிவிட்டார் என் பெரியப்பா ஒருவர். ஒரு பெயரை வைத்து ஒரு சமூகத்தையே சொந்தமாக்கிக்கொள்ளும் ஆசைக்கும், ஒரு பெயரை வைத்து ஒரு சமூகத்தையே தள்ளிவைத்த பட்டியலுக்கும் தூரம் அதிகமில்லை என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன். மன்னிக்கவும், விஷயத்தை விட்டு விலகுகிறேன்.

தங்கள் சபை ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. முதற்குடியினர் தங்கள் சான்றிதழ்களைக் கட்டணமின்றித் திருத்திக்கொள்ள 1997-இல் வழிசெய்தீர்கள். 2001-இல் இனமேம்பாட்டுக் கொள்கைக்காக ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தீர்கள். ஆனால் மெலஞ்சன் என்பது ஒரு பழங்குடியின் பெயர் அல்ல. அவர்களுக்குத் தலைவரும் இல்லை, உறுப்பினர் பட்டியலும் இல்லை. ஆகவே அந்த வழி அவர்களுக்குத் திறக்கவில்லை. என் மாமியாரும் திருத்தம் கேட்கவில்லை. ‘எந்தக் கட்டத்தில் என் அம்மாவைப் போடுவது என்று அவர்கள் இன்னொரு முறை யோசிக்க வேண்டாம்’ என்கிறார். ஆப்பிரிக்கத் தாத்தா ஒருவர் இருந்தார் என்பதில் அவருக்கு வெட்கமும் இல்லை. அவரைப் பற்றி அறிந்துகொள்ள முடியாமல் எண்பது ஆண்டுகள் கழிந்ததே என்ற கோபம்தான் இருக்கிறது.

கேட்பது இவ்வளவுதான். பிளெக்கர் அலுவலகத்தின் குறிப்பு ஒட்டப்பட்ட ஒவ்வொரு சான்றிதழுக்கும், நகல் கேட்பவருக்குப் பின்பக்கத்தையும் சேர்த்துத் தர வேண்டும். அதோடு, இதை எந்த அலுவலகம், எந்த ஆண்டு, எந்தச் சட்டத்தின் பேரில், எந்த ஆதாரத்தைக் கொண்டு ஒட்டியது என்று மாநிலத்தின் பெயரில் ஒரு பக்கம் இணைக்க வேண்டும். ஒட்டுத்தாளைக் கிழிக்க வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். கிழித்தால் அந்த அம்மாள் ஏன் நான்கு முறை மலை தாண்டினார் என்பதற்கான ஒரே சாட்சியும் போய்விடும். பின்பக்கம் சான்றிதழின் பகுதியாகாது என்று இன்னொரு முதியவரிடம் யாரும் சொல்லாமல் இருக்கும்படி விதியை எழுதித்தாருங்கள்.

1926-இல் பிறந்தவர்களின் பதிவுகள் இந்த ஆண்டு திறக்கின்றன. அந்த ஆண்டு பிறந்த சித்தப்பாட்டி ஒருவரும் எங்கள் குடும்பத்தில் இருந்தார். அவருடைய சான்றிதழுக்கும் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். படிவத்தின் ஓரத்தில் ‘இருபக்கமும்’ என்று என் மாமியார் தன் கையால் எழுதியிருக்கிறார். அதற்குள் தங்கள் சபை இதை எடுத்துக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஸ்காட் கவுண்டிக்கு வாழ்க்கைப்பட்ட மருமகள்