மன்ற இசைப் பிரிவின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, மன்ற உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழு ஒப்புதல் அளித்தபடி, நிறைவுற்ற ஆண்டில் நம் இசைப் பிரிவு, தில்லியில் தோன்றி வளர்ந்த ‘இந்தியன் ஓஷன்’ ராக் இசைக்குழுவின் ஆல்பங்களை, கூட்டத்துக்கு ஒன்றாக, வந்த வரிசையிலேயே கேட்டுக் கலந்துரையாடியது. கர்நாடக இசையில் ஊறிய மன்றத்துக்கு ராக் எதற்கு என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் கேட்டார்கள், நியாயமான கேள்வி. இக்குழுவினர் பல ஆண்டுகள் கூடிப் பயிற்சி செய்த வீடு, தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் கரோல் பாக்கில், கஜூர் ரோட்டில் இருந்தது. நாம் காய்கறி வாங்கப் போய்வந்த தெருக்களுக்குப் பக்கத்தில் உருவான இசையை நாம் அறியாதிருப்பது முறையல்ல என்பதே நான் அளித்த பதில்.

கிட்டார் கலைஞர் சுஷ்மித் சென்னும், தபேலா வாசித்தபடியே பாடவும் வல்ல அசீம் சக்ரவர்த்தியும் 1990-இல் தொடங்கிய குழு இது. மறு ஆண்டு ராகுல் ராம் பேஸ் கிட்டாருடன் வந்து சேர்ந்தார். முதல் ஆல்பம் 1993-இல் வந்தது. 1994-இல் அமித் கிலம் டிரம்ஸ் வாசிக்க வந்தபின் அமைந்த நால்வர் அணி பதினைந்து ஆண்டுகள் குலையவே இல்லை. இரண்டாம் ஆல்பமான ‘டெசர்ட் ரெய்ன்’, 1997 புத்தாண்டு நாளில் நாடகக் கலைஞர் சஃப்தர் ஹஷ்மியின் நினைவாக நடந்த நிகழ்ச்சியில், மேடையிலேயே பதிவு செய்யப்பட்டது.

எங்கள் கூட்டங்களில் அதிக நேரம் எடுத்துக்கொண்டது 2000-இல் வெளியான ‘கந்தீஸா’. அதன் தலைப்புப் பாடல், கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்கள் வழிவழியாகப் பாடிவரும் அராமிக் மொழித் துதி. ‘மா ரேவா’ நர்மதைக் கரை மக்களின் பாட்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பி, நர்மதை பாதுகாப்பு இயக்கத்தில் பணியாற்றிய ராகுல் ராம் வழியாக அது இவர்களிடம் வந்தது. ‘ஹில்லே லே’ கோரக் பாண்டேயின் போஜ்புரிக் கவிதை. மூன்றும் மூன்று மண்ணைச் சேர்ந்தவை. ஆனாலும் ஒரே குழுவின் பாட்டுகளாகவே ஒலிக்கின்றன. அது எப்படி என்பதை மிருதங்கம் வாசிக்கும் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் அன்று செய்துகாட்டினார். ‘மா ரேவா’வை நடுவில் நிறுத்தி, மறுபடி ஒலிக்கவிடச் சொல்லி, இடக்கையால் டிரம்ஸின் அடியையும் வலக்கையால் தபேலாவின் சொற்களையும் மேசை விளிம்பில் தனித்தனியே தட்டினார். ஒன்று நிற்கும் இடத்தில் மற்றொன்று நுழைவதையும், இரண்டும் ஒன்றை ஒன்று மறைக்காததையும் அதன்பின் எல்லாராலும் கேட்க முடிந்தது. ராக் எதற்கு என்று கேட்டவர்களில் அவரும் ஒருவர். அதன்பின் நடந்த எந்தக் கூட்டத்துக்கும் அவர் வராமல் இருந்ததில்லை என்பதை மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறேன்.

2003-இல் ‘ஜீனி’ வந்தது. அடுத்து அனுராக் காஷ்யப்பின் ‘பிளாக் ஃப்ரைடே’ படத்துக்கு இசையமைத்தார்கள். 1993 மும்பைக் குண்டுவெடிப்பைப் பற்றிய அந்தப் படம், அவ்வழக்கின் காரணமாக 2007-இல்தான் திரைக்கு வந்தது என்றாலும், பியூஷ் மிஸ்ரா எழுதிய ‘பந்தே’ பாட்டு அதற்கு முன்பே இளைஞர்களிடம் பரவிவிட்டது.

2009 டிசம்பர் 25 அன்று அசீம் காலமானார். பாட்டையும் தாளத்தையும் ஒருசேரத் தாங்கிய கலைஞரை இழந்த குழு அத்துடன் கலைந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களோ, அவர் குரல் பதிவாகியிருந்த பாடல்களைப் பயிற்சி வீட்டின் முகவரியான ‘16/330 கஜூர் ரோடு’ என்ற பெயரிலேயே 2010 முதல் ஒவ்வொன்றாக இணையத்தில் இலவசமாக வெளியிட்டார்கள். அந்த ஆல்பத்தைக் கேட்ட மாலையில் வழக்கமான கலந்துரையாடல் வேண்டாம் என்று உறுப்பினர்களே கேட்டுக்கொண்டனர்.

பாட ஹிமான்ஷு ஜோஷியும் தபேலாவுக்குத் துஹீன் சக்ரவர்த்தியும் வந்தனர். 2013-இல் சுஷ்மித் விலக, கிட்டாருக்கு நிகில் ராவ் வந்தார். 2014-இல் வெளியான ‘தந்தானு’வில் செல்வகணேஷின் கஞ்சிராவும் குமரேஷின் வயலினும் விருந்தாளிகளாக இடம்பெற்றது நம்மவர்களுக்குத் தனி மகிழ்ச்சி. 2015-இல் ‘மசான்’ திரைப்படத்துக்கு இசையமைத்தார்கள். அடுத்த ஆல்பமான ‘து ஹை’ 2023-இல்தான் வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாழ்வில் இத்தனை குறைவாக வெளியிட்டதைச் சில உறுப்பினர்கள் குறையாகச் சொன்னார்கள். சந்தைக்காக அவசரப்படாமல், பாட்டு கனியும்வரை கூடி உட்கார்ந்து வாசித்ததால்தான் இருபது ஆண்டுக்கு முந்தைய பதிவும் இன்று பழசாகத் தோன்றவில்லை என்பது என் உறுதியான எண்ணம். நால்வர் அணிக் காலமே சிகரம் என்றும் கருதுகிறேன்; இளைய உறுப்பினர்கள் ‘தந்தானு’வின் பக்கம் நிற்கிறார்கள், அந்த வாதம் இன்னும் முடியவில்லை.

கூட்டங்களுக்கான செலவு தேநீர், ஒலிபெருக்கி வாடகை ஆகியவற்றுடன் அடங்கியது; கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். கஜூர் ரோட்டுப் பக்கம் குடியிருந்த உறுப்பினர்கள், அந்த வீட்டைப் பற்றியும் அங்கிருந்து கேட்ட இசையைப் பற்றியும் தங்கள் நினைவுகளை எழுதித் தர இசைந்துள்ளனர். அவற்றைத் தொகுத்து மன்ற நூலகத்தில் வைக்கவும், வரும் ஆண்டில் இதே முறையில் வேறோர் இசைக்குழுவை எடுத்துக்கொள்ளவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர், இசைப் பிரிவு