தேதி இல்லாத கொடுமைக்கும் ஒரு கட்டம் வேண்டும்

புள்ளியியல் துறை அதிகாரிகளுக்கும், குழந்தைகள் பாதுகாப்புக் கணக்கெடுப்பைத் திட்டமிடுவோருக்கும்,

வணக்கம். குழந்தைகள் மீதான கொடுமை பற்றி ஆண்டறிக்கையில் நீங்கள் வெளியிடுவது பதிவான வழக்குகளின் எண்ணிக்கை. தயவுசெய்து அதற்கு 'பாதிக்கப்பட்ட குழந்தைகள்' என்று தலைப்பிடாதீர்கள். பாலியல் கொடுமை பற்றிய உலக ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான பகுப்பாய்வில், நேரில் அனுபவித்தவர்களைக் கேட்டபோது ஆயிரத்துக்கு 127 பேர் என்று வந்தது. அதிகாரிகளும் பணியாளர்களும் அறிந்த கணக்கு ஆயிரத்துக்கு 4 பேர்தான். முப்பது மடங்கு வித்தியாசம்.

குழந்தையைக் கவனிக்காமல் விடும் புறக்கணிப்பின் கதி இன்னும் மோசம். படிவத்தில் 'சம்பவம் நடந்த தேதி' என்றொரு கட்டம் இருக்கிறது. அடிக்குத் தேதி உண்டு. மாதக்கணக்கில் அரைவயிற்றோடு பள்ளிக்கு வரும், சொத்தைப் பல் வீங்கியும் மருத்துவரிடம் அழைத்துப் போக ஆளில்லாத, இரவெல்லாம் கைக்குழந்தையான தம்பியைத் தனியே பார்த்துக்கொள்ளும் ஏழு வயதுப் பெண்ணுக்கு எந்தத் தேதியை எழுதுவது? கட்டம் நிரம்பாத பதிவு கிடப்பில் போகிறது. 'எப்போதிலிருந்து', 'வாரத்தில் எத்தனை நாள்' என்ற இரண்டு கேள்விகளைச் சேர்த்தாலே இந்தக் குழந்தை கணக்கில் வந்துவிடுவாள்.

அம்மா அடிபடும் வீட்டில் வழக்கு அம்மாவின் பெயரில் பதிவாகிறது. அடுத்த அறையில் இருந்த பிள்ளைக்கு அதில் இடமில்லை. உலகில் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் நால்வரில் ஒருவர், ஏறத்தாழ 17.6 கோடிப் பேர், துணைவரின் வன்முறைக்கு ஆளாகும் தாயோடு வாழ்கிறார்கள் என்று யூனிசெஃப் 2017இல் கணக்கிட்டது. குடும்ப வன்முறைப் பதிவு ஒவ்வொன்றிலும் பிள்ளைகளின் வயதைக் கேளுங்கள். நேரில் பார்ப்பது மட்டும் பாதிப்பு அல்ல. சத்தத்தைக் கேட்பதும், மறுநாள் காயத்தைப் பார்ப்பதும், குறுக்கே போய் அடிவாங்குவதும் தனித்தனியாகக் குறிக்கப்பட வேண்டும்.

நேரடிக் கணக்கெடுப்பில் 'உன்னைக் கொடுமைப்படுத்தினார்களா?' என்று கேட்டால் 'இல்லை' என்றே பதில் வரும். வீட்டில் அதற்குப் பெயர் கண்டிப்பு. 'பெல்ட்டாலோ குச்சியாலோ அடித்தார்களா?' என்று செயலைக் கேளுங்கள். கடந்த 12 மாதங்களையும் வாழ்நாளையும் பிரித்துக் கேளுங்கள். ஒரு வீட்டில் ஒருவரிடம் மட்டும் கேளுங்கள். ஹெட்ஃபோனில் கேள்வி, தொடுதிரையில் பதில் என்றால் வாய்விட்டுச் சொல்லும் சங்கடம் குறையும். நேருக்கு நேர் பேசும்போது யாராவது உள்ளே வந்தால், உடனே மாற வேறொரு சாதாரணக் கேள்வித்தாள் கையில் தயாராக இருக்கட்டும். எந்தப் பதிலை ரகசியமாக வைக்க முடியாது என்பதை ஒப்புதல் வாங்கும் முன்பே குழந்தைக்குப் புரியும்படி சொல்லிவிட வேண்டும். அன்றே உதவிக்கு அனுப்ப ஆள் ஏற்பாடு செய்யாமல் கணக்கெடுப்பைத் தொடங்கவே கூடாது.

இன்னொன்று. எண்ணிக்கை இறங்கினால் கொடுமை குறைந்ததாக அறிவித்துவிடாதீர்கள். 2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது பல இடங்களில் புகார்கள் சரிந்தன. கவனித்துச் சொல்லும் ஆசிரியரின் கண்ணில் பிள்ளைகள் படவில்லை.

அடுத்த படிவம் அச்சுக்குப் போகும் முன், களத்தில் அதை நிரப்புகிறவர்களிடம் ஒருமுறை காட்டுங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் பாதுகாப்புப் பதிவுகளைக் கையாளும் பணியாளர்கள்