மாப்ளைக்கு: அந்த பாலிசியில் கையெழுத்துப் போடும் முன்

அன்புள்ள மாப்ளே,

வங்கியில் உன் தலையில் கட்டப் பார்க்கிற இன்சூரன்ஸ் பாலிசி என்று நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய காகிதத்தை முழுக்கப் படித்துவிட்டேன். மே மாதம்தான் ரிட்டயர்மென்ட், பணிக்கொடை இன்னும் கைக்கே வரவில்லை, அதற்குள் வங்கியில் உன்னை உட்காரவைத்து காபி கொடுக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் உன் முகராசி இல்லை, தெரியும்தானே?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வருடம் 1 லட்சம் வீதம் 10 வருடம் நீ கட்ட வேண்டும், 20 வருடம் முடிந்ததும் 20 லட்சம் தருவார்கள், ‘உத்தரவாதமாக இரண்டு மடங்கு’. அப்போது உனக்கு 80 வயது, அதை விடு. உத்தரவாதம் என்பது பொய் இல்லை, சொன்னபடி தருவார்கள்தான். ஆனால் வருடத்துக்கு எத்தனை சதவீதம் வளர்கிறது என்று அந்தக் காகிதத்தில் எங்காவது இருக்கிறதா பார், இருக்காது. நான் கணக்குப் போட்டேன், நாலரை சதவீதம்தான் வருகிறது. நீயே போட்டுப் பார்க்கலாம்: எக்செல்லில் ஒரு வரிசையில் தேதிகள், பக்கத்தில் தொகைகள், கட்டுவதற்கு மைனஸ், வருவதற்கு பிளஸ், கீழே எக்ஸ்ஐஆர்ஆர் (XIRR) என்ற ஃபார்முலா, வருடத்துக்கு எத்தனை சதவீதம் என்று அதுவே சொல்லிவிடும், அவ்வளவுதான், உன் மகள் ஐந்து நிமிடத்தில் செய்துவிடுவாள். இதே பணம் பிபிஎஃப்-க்கு (அரசின் பொது வருங்கால வைப்பு நிதி) இப்போது கிடைக்கிற 7.1 சதவீதத்தில் வளர்ந்தால் அந்த 20 வருட முடிவில் 29 லட்சத்தைத் தாண்டிவிடும்.

ஊரில் ஒருவன் ரூபாய்க்கு மாதம் இரண்டு பைசா வட்டி என்றால், அடேயப்பா, வருடத்துக்கு 24 சதவீதமா என்று உடனே சொல்கிறவர்கள் நாம். அதே நாம் ஏசி அறைக்குள் போனதும் ‘மடங்கு’ என்ற பேச்சில் மயங்கிவிடுகிறோம்!

அதில் 10 சதவீத கியாரண்டீட் அடிஷன் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறதே, அது வட்டி இல்லை. ஒரு வருட பிரீமியத்தில் 10 சதவீதம், அதாவது வருடம் 10,000 ரூபாய், அதுவும் கையில் வராது, அந்த 20 லட்சத்துக்குள்ளேயே அடக்கம். நடுவில் வேண்டாம் என்று விட்டால் கிடைப்பது சரண்டர் மதிப்பு, ஆரம்ப வருடங்களில் அது நீ கட்டியதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாலும் பயப்படாதே, பாலிசிப் பத்திரம் கைக்கு வந்ததிலிருந்து 30 நாள் ஃப்ரீ லுக் காலம் உண்டு, எழுதிக் கொடுத்து ரத்து செய்யலாம், கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவார்கள்.

சதவீதம் சொன்னாலும், எந்தத் தொகைக்கு என்று கேட்க வேண்டும். உன் மருமகன் பைக் லோன் ‘ஃப்ளாட் 10 சதவீதம்’ என்கிறானே, 1 லட்சத்துக்கு 3 வருடம் என்றால் மாதத் தவணை 3,611 ரூபாய். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி மட்டும் கடைசி வரை முழு லட்சத்துக்கும் போடுகிறார்கள், அதனால் உண்மையான வட்டி ஏறக்குறைய 18 சதவீதம். வேறு இடத்தில் குறையும் அசலுக்கு 12 சதவீதம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அங்கே போகச் சொல்.

அப்புறம் உங்கள் கணக்கு வாத்தியார் (அவரே இப்படிச் சொன்னால் எப்படி!) புது மியூச்சுவல் ஃபண்ட் வருகிறது, யூனிட் 10 ரூபாய்தான், மலிவு என்றாராமே. அந்த யூனிட் விலையை என்ஏவி என்பார்கள், அது ஃபண்டின் மொத்தச் சொத்திலிருந்து கடனைக் கழித்து யூனிட் எண்ணிக்கையால் வகுத்தது, அவ்வளவே. 1 லட்சத்துக்கு 10 ரூபாயில் 10,000 யூனிட் வரும், 500 ரூபாயில் 200 யூனிட் வரும், இரண்டும் 10 சதவீதம் ஏறினால் இரண்டிலும் 1,10,000தான். பழைய ஃபண்ட் என்றால் இத்தனை வருடம் என்ன செய்தது என்றாவது பார்க்கலாம்.

என்னைக் கேட்டால், பணம் வந்ததும் தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் பெரும்பகுதியைப் போடு. 30 லட்சம் வரை போடலாம், இப்போது 8.2 சதவீதம், தொடங்கும்போது இருக்கிற வட்டி 5 வருடத்துக்கு மாறாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வந்துவிடும், முழு 30 என்றால் ஒவ்வொரு முறையும் 61,500. வட்டிக்கு வரி உண்டு, அதையும் கணக்கில் வை. மீதியை வங்கியில் வைப்பதானால் ஒரே வங்கியில் குவிக்காதே, டெபாசிட் காப்பீடு ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான்.

இங்கே எல்லோரும் நலம். எனக்கு முட்டிவலி, மாடி ஏறுவதில்லை. பையனுக்குப் பெண் பார்த்திருக்கிறோம், பெரியகுளம் பக்கம், அநேகமாக ஆவணியில் கல்யாணம். தங்கச்சியிடம் சொல்லிவை, தேதி முடிவானதும் நானே கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
சேகர்