பெயரெழுதாத புதைகுழிகள்: இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும் ஆட்சிக் குழுவினருக்கும் வணக்கம்.

உங்கள் தேசியப் பயிற்சி மையமான செயின்ட் ஜார்ஜஸ் பார்க்கில் 2014ஆம் ஆண்டு முதல் ஆர்தர் வார்ட்டனின் வெண்கலச் சிலை நிற்கிறது. உலகின் முதல் கறுப்பினத் தொழில்முறைக் கால்பந்து வீரர் என்றே அவரை எல்லோரும் அறிமுகப்படுத்துகிறார்கள். அந்த வரியில் எனக்குச் சிறு தயக்கம் உண்டு. 1881இல் ஸ்காட்லாந்து அணிக்குத் தலைமையேற்று, லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தை 6–1 என்று தோற்கடித்த ஆண்ட்ரூ வாட்சன், பின்னாளில் பூட்டில் அணிக்கு ஆடியபோது பணம் பெற்றிருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அந்த விவாதம் எப்படித் தீர்ந்தாலும் வார்ட்டன் சிறுத்துவிட மாட்டார். இந்த மடலும் அவர் முதல்வரா இல்லையா என்பதைப் பற்றியதன்று. அவருடைய வாழ்வு முடிந்த விதத்தைப் பற்றியது.

இன்றைய கானாவின் அக்ராவில், ஜேம்ஸ்டவுன் பகுதியில் 1865இல் பிறந்தவர் அவர். தந்தை மெதடிஸ்ட் சபையின் போதகர்; தாய் ஃபான்டே இன அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். மகனும் சபைப் பணிக்கு வருவான் என்ற எதிர்பார்ப்பில்தான் அவரை இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பினார்கள். டார்லிங்டனில் படிக்க வந்தவரின் கால்களோ வேறு வழியில் போயின. 1886 ஜூலையில் ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜில் நடந்த தடகளப் போட்டியில் 100 கெஜத்தைச் சரியாகப் 10 விநாடியில் ஓடிப் பட்டம் வென்றார்; மறு ஆண்டும் அதைத் தக்கவைத்துக்கொண்டார். இத்தனை வேகமுள்ள ஒருவர் கால்பந்தில் ஓடாமல் நிற்கும் கோல்கீப்பர் இடத்தைத் தேர்ந்துகொண்டது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. எதிரணியினர் கோல்கீப்பரைத் தோளால் முட்டித் தள்ள விதி அனுமதித்த காலம் அது. குறுக்குக் கம்பத்தைப் பிடித்துத் தொங்கியபடி பந்தைக் கால்களுக்கிடையே அவர் பிடித்ததையும், பாய்ந்து வந்த மூன்று பேர் வலைக்குள் போய் விழுந்ததையும் கண்ட ஒருவர், 1942இல்கூட அதை மறக்காமல் ஷெஃபீல்டு நாளிதழ் ஒன்றுக்கு எழுதினார். அதே வித்தைகளைச் சுட்டிக்காட்டி, அவருடைய நிறத்தையும் அறிவையும் சேர்த்து இழிவாகக் கேலி செய்த பத்திரிகைக்காரர்களும் அந்நாளில் இருந்தார்கள்.

1886–87 பருவத்தில் பிரெஸ்டன் நார்த் எண்ட் அணியோடு உங்கள் சங்கம் நடத்தும் எஃப்.ஏ. கோப்பையின் அரையிறுதி வரை சென்றார். பிறகு, பணத்துக்கு ஓடும் பந்தயங்களை நாடி அந்த அணியை விட்டு விலகினார். அவர் விலகிய பின் வந்த 1888–89 பருவத்திலேயே பிரெஸ்டன் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் கால்பந்து லீகை வென்று, கோப்பையையும் கைப்பற்றியது. 1889இல் ராதர்ஹாம் டவுனில் ஊதியம் பெறும் ஆட்டக்காரரானார். 1894இல் ஷெஃபீல்டு யுனைடெட்டுக்குப் போனார். அங்கே வில்லியம் ஃபோக் என்ற மலையளவு மனிதர் கோல் வாயில் நின்றதால், வார்ட்டனுக்குக் கிடைத்த ஆட்டங்கள் சொற்பம். அதன்பின் ஸ்டேலிபிரிட்ஜ், ஆஷ்டன் எனச் சிறிய அணிகள். கடைசியாக ஸ்டாக்போர்ட் கவுன்டி. 1902இல் ஆட்டத்தை விட்டார். அவருடைய அந்தக் கடைசிப் பருவத்தில்தான், எந்த ஆட்டக்காரருக்கும் வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்ற உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது. நிலைத்து நின்ற ஆட்டக்காரர் தொழிற்சங்கம் மான்செஸ்டரில் உருவாக இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன.

அதற்குப் பின்னும் அவர் 28 ஆண்டுகள் உயிரோடிருந்தார். டான்காஸ்டருக்கு அருகில் எட்லிங்டனில், யார்க்ஷயர் மெயின் நிலக்கரிச் சுரங்கத்தில் கரி ஏற்றிய தொட்டிகளை நகர்த்தும் தொழிலாளியாக உழைத்து, 1930 டிசம்பரில் நோயுற்று, கையில் காசில்லாமல் இறந்தார். புதைத்த இடத்தில் பெயரெழுதிய கல் ஒன்றுகூட வைக்கப்படவில்லை. ஷெஃபீல்டைச் சேர்ந்த இனவெறி எதிர்ப்புக் கால்பந்து இயக்கம் ஒன்று பாடுபட்டதன் பயனாக, 1997இல்தான் அங்கே கல்லறைக் கல் எழுந்தது. சிலையும் இங்கிலாந்துக் கால்பந்துப் புகழ்மண்டபத்தில் இடமும் அதற்குப் பிறகு வந்தவை.

வார்ட்டனைத் தேடுவதற்கு ஒரு காரணம் இருந்தது. அவர் முதல்வர் என்று சொல்லப்பட்டவர். அவரோடு ஆடி, அவரைப் போலவே சுரங்கத்துக்கும் ஆலைக்கும் திரும்பிய மற்றவர்களைத் தேட அப்படியொரு காரணம் யாருக்கும் இல்லை. 1885இல் ஊதிய ஆட்டத்தை ஏற்றுக்கொண்டபோது, ஒவ்வொரு தொழில்முறை ஆட்டக்காரரும் ஆண்டுதோறும் தம் பெயரை உங்களிடம் பதிய வேண்டும் என்று விதித்தது உங்கள் சங்கமே. எந்த ஊரில் எத்தனை நாள் குடியிருந்தால் கோப்பையில் ஆடலாம் என்பதுவரை அன்று கணக்குப் பார்த்தீர்கள். ஆட்டத்தை விட்ட பிறகு அவர்கள் எங்கே போனார்கள் என்பதற்கு மட்டும் கணக்கு வைக்கவில்லை.

ஆகவே நான் கேட்பது ஒன்றே. உங்களிடமும் லீகிடமும் பழைய கிளப்புகளிடமும் எஞ்சியிருக்கும் பதிவுகளைக் கொண்டு, அந்த முதல் தலைமுறை ஆட்டக்காரர்கள் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்று தேடுங்கள். பெயரில்லாத குழிகளுக்குப் பெயர் பொறியுங்கள். இதைக் கிளப்புகளின் பொறுப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. வார்ட்டன் முதன்முதலில் கூலி வாங்கிய அந்த ராதர்ஹாம் டவுன் 1896இலேயே லீகிலிருந்து வெளியேறிக் கலைந்துபோனது. அங்கே அவருக்கு முன்னால் நின்று ஆடியவர்களைப் பற்றிக் கேட்பதற்கு இன்று உங்களைத் தவிர வேறு கதவு இல்லை. தேடலை அந்த அணியிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
கால்பந்து வரலாற்றில் ஆர்வமுள்ள தமிழ் வாசகன்