கிணற்றுக்குள் போனவளை விரட்டாதே

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய பேய்ப்படக் கதையை முழுசும் வாசித்துவிட்டேன். ஆற்றங்கரை வீடு, மூடிக் கிடக்கிற கிணறு, அதில் செத்துப்போன மருமகளைப் பற்றி வாயே திறக்காத மாமியார், எல்லாம் நன்றாக வந்திருக்கிறது. கடைசியில் மந்திரவாதி வந்து அவளைச் சீசாவில் அடைத்துக் கடலில் போடுகிறானே, அங்கேதான் எனக்கு மனசு ஆறவில்லை. கொன்றவர்கள் நிம்மதியாகத் தூங்கவா அவள் இத்தனை காலம் அலைந்தாள்?

நம்ம பக்கம் அநியாயமாகச் செத்தவர்களுக்குப் பீடம் போட்டுக் கும்பிடுவார்கள், தாயி. கொன்ற குடும்பமே பயந்து, கொடை என்று சாமிக்குத் திருவிழா எடுக்கிற கதைகள் எத்தனை கேட்டிருக்கிறோம்! வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், சாமிக்கு என்ன குறை வைத்தோமோ என்றுதான் முதலில் பதறுவார்கள். தலைமுறை தாண்டியும் விடாத அந்தப் பயம்தான் உன் படம். வெள்ளைச் சேலையும் கதவுச் சத்தமும் அதற்கு அப்புறம்.

இசக்கியம்மன் கதையை வில்லுப்பாட்டில் கேட்டிருக்கிறாய். நகைக்கு ஆசைப்பட்டவன், தன்னை நம்பித் தூங்குகிறவள் தலையில் கல்லைப் போடுகிறான். பார்த்த ஆள் இல்லை. பக்கத்தில் நின்ற கள்ளிச்செடியைச் சாட்சிக்குக் கூப்பிட்டுவிட்டுச் சாகிறாள். அடுத்த பிறவியில் நீலியாகி அவனைத் தேடி வரும்போது, ஒரு கள்ளியைத்தான் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்திருக்கிறாள். உன் கிணற்றடியிலும் அப்படி ஒரு சாட்சி நிற்கட்டும். மாமியார் அதை வெட்ட வெட்ட அது துளிர்க்கட்டும்.

பேயை அடிக்கடி காட்டுகிறாய், அதையும் குறை. பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயன் சன்னதி உண்டல்லவா? பொம்மக்கா, திம்மக்காவைக் கட்டி, மாமனார் வீட்டு மாடுகளை மீட்கப் போய் உயிரைவிட்ட முத்துப்பட்டன்தான் அங்கே சாமி. காணிக்கையாகக் கட்டிய செருப்பை மறுவருஷம் பார்த்தால் யாரோ போட்டு நடந்த மாதிரி தேய்ந்திருக்கும் என்பார்கள். ஆடி அமாவாசைக் கூட்டத்துக்கு நடுவிலும் அந்தக் குதிகால் தேய்மானத்தைப் பார்த்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஆள் வேண்டாம், அந்தத் தேய்மானத்தைக் காட்டு.

முடிவுக்கு நான் சொல்வது இதுதான். மந்திரவாதியை எடுத்துவிட்டு, கிணற்றடியிலேயே ஒரு கொடை வை. வில்லுப்பாட்டில் சாவைப் பாடுகிற இடம் வந்ததும் வில்மணியும் குடமும் உடுக்கையும் வேகமெடுக்கும், சாமியாடிக்கு உடம்பு நடுங்கும். பாட்டு அங்கே சட்டென்று நிற்கட்டும். மிச்சக் கதை தெரிந்த ஒரே ஆள் மாமியார். ஊர் முழுக்க உட்கார்ந்திருக்க, அவளே வாய் திறந்து சொல்லட்டும். மருமகள் கேட்பதும் அதைத்தானே? அந்தக் காட்சியை அவசரப்பட்டு வெட்டாதே. கிழவி திணறட்டும், தண்ணீர் கேட்கட்டும், திரும்பவும் ஆரம்பிக்கட்டும்.

சித்திரை கழிந்ததும் நம்ம கோயிலில் கொடை. ஒலிப்பதிவு செய்கிற பையனையும் கூட்டிக்கொண்டு வா. வில்லுக்காரரிடம் நான் கேட்டு வைக்கிறேன். சாமியாடி முகத்துக்கு நேரே மட்டும் விளக்கடிக்க வேண்டாம் என்று அவனிடம் இப்போதே சொல்லிவிடு.

அம்மா