சூப்பர்சார்ஜருக்கு முன் பின் ஆக்சிலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க பிக்கப், எஸ்யூவி வண்டிகளில் சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளிப் பலத்தைக் கூட்டும் கருவி) பொருத்துவது பற்றி உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரை பெல்ட், இன்டர்கூலர், டியூனிங் என்று எஞ்சினோடு நின்றுவிட்டது. கூடுகிற முறுக்குவிசை எல்லாம் போய் விழும் பின் ஆக்சிலைப் பற்றி, 4.10 கியர் (எஞ்சினிலிருந்து வரும் தண்டு 4.10 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று; இந்த எண்தான் ரேஷியோ) போட்டால் இன்னும் சீறும் என்ற ஒரு வரிதான் இருந்தது. அந்த யோசனை தவறு.

2000 முதல் 2006 வரை வந்த செவர்லே டாஹோவைப் பாருங்கள். பின்னால் இருப்பது 8.6 அங்குல கிரவுன் வீல் (சக்கரங்களைச் சுற்றவைக்கும் பெரிய பல்சக்கரம்), 10 போல்ட் மூடி, 30 ஸ்ப்ளைன் (நீளவாட்டு வரிப்பல்) ஷாஃப்ட். 3.42 ரேஷியோவில் கிரவுனுக்கு 41 பல், அதைச் சுற்றும் சிறு பல்சக்கரமான பினியனுக்கு 12. 3.73-இல் பினியன் பல் 11, 4.10-இல் 10. கிரவுன் அளவு மாறாததால் பல் குறையக் குறைய பினியன் தலை சிறுத்துக்கொண்டே போகும், ஒரே நேரத்தில் கடித்து நிற்கும் பற்களும் குறையும். எஞ்சின் பலத்தை ஏற்றிவிட்டு, அதே கையால் பினியனை மெலிய வைப்பது என்ன கணக்கு? ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் கீழ் ஆர்பிஎம்மிலேயே இழுவை தந்துவிடும். குட்டை கியர் (4.10 போல எண் கூடிய ரேஷியோ) செய்யவேண்டிய வேலையை அதுவே செய்கிறது.

ஃபோர்டு கம்பெனியே போட்ட கணக்கு இருக்கிறது. 1999-இல் சூப்பர்சார்ஜரோடு வந்த எஃப்-150 லைட்னிங்கில் 9.75 அங்குல ஆக்சில், 3.55 ரேஷியோ. 2001-இல் 380 குதிரைசக்தி, 450 பவுண்டு-அடி (சுமார் 610 நியூட்டன் மீட்டர்) ஆக்கியபோதும் 3.73-ஐத் தாண்டவில்லை. முதல் கியர் 2.71. 610-ஐ 2.71-ஆலும் 3.73-ஆலும் பெருக்கினால் ஆக்சிலுக்கு வருவது 6,166 நியூட்டன் மீட்டர். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது டார்க் கன்வர்ட்டர் (ஆட்டோமேட்டிக் கியரில் எண்ணெய் வழியாக முறுக்குவிசையைக் கடத்தும் பாகம்) இதைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கும்.

ஆனால் டயர் பிடிக்கிற அளவுக்குத்தான் ஆக்சிலுக்குச் சுமை வரும். டயர் வழுக்கினால் ஷாஃப்ட் பிழைக்கும். அகலமான, பிடிப்பான டயர் போட்ட பிறகு, அல்லது ஈரத்தில் சுழன்ற சக்கரம் காய்ந்த தார் மேல் சட்டென்று கவ்வும்போதுதான் முறியும்.

டாஹோவில் ஜி80 லாக்கர் (ஒரு சக்கரம் வழுக்கினால் இரண்டு பின் சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் அமைப்பு) இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். இரண்டு பின் சக்கரங்களுக்கும் இடையில் சுமார் 100 ஆர்பிஎம் வித்தியாசம் வந்ததும் உள்ளே இருக்கும் சிறு எடைகள் விரிந்து கொக்கியில் மாட்டி, கிளட்ச் தகடுகளை ஒரே அடியில் இறுக்கிப் பூட்டும். சாதா எஞ்சினுக்கு அது போதும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துச் சக்கரம் சுழலும்போது பூட்டினால் உள் கியர் சிதறி மூடியைப் பிளந்துகொண்டு வரும். 'கவ்-லாக்' என்ற அந்த லாக்கருக்கு 'கவ்-பாம்' (பாம் என்றால் வெடிகுண்டு) என்று அமெரிக்காவில் பட்டப்பெயரே வைத்திருக்கிறார்கள். சூப்பர்சார்ஜருக்குப் பணம் எடுத்துவைக்கும்போதே ட்ரூட்ராக் போன்ற சாய்வுப் பல் டிஃபரன்ஷியலுக்கும் (இரண்டு பின் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பாகம்) எடுத்துவையுங்கள். பாரம் இழுக்கும் வண்டியென்றால் 9.5 அங்குல, 14 போல்ட் ஆக்சிலுக்கே மாறுவது நல்லது.

ரேஷியோ மாற்ற நியாயமான காரணம் பெரிய டயர் ஒன்றுதான். பழைய ரேஷியோவைப் புது டயர் உயரத்தால் பெருக்கி, பழைய உயரத்தால் வகுங்கள். 265/70ஆர்16 டயரின் உயரம் 30.6 அங்குலம். 33 அங்குலத்துக்குப் போனால் 3.73 × 33 ÷ 30.6 = 4.02. சூப்பர்சார்ஜர் இல்லாத வண்டிக்கு 4.10 சரி, இருக்கும் வண்டிக்கு 3.73-ஐயே விட்டுவிடலாம். நாலு சக்கர டிரைவ் என்றால் முன் ஆக்சிலையும் அதே ரேஷியோவுக்கு மாற்றவேண்டும். இல்லாவிட்டால் 4×4 போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) முறுக்கிக்கொள்ளும்.

புது கிரவுன் பினியன் பெரும்பாலும் கெடுவது பொருத்தும் நாளில்தான். டாஹோவின் 8.6 அங்குல ஆக்சிலில் கிரவுன் போல்ட்டுகள் இடப்புரி. வழக்கம்போல் திருப்பிக் கழற்றப் போனால் இன்னும் இறுகும். பினியன் நட்டை இறுக்கும்போது கிரஷ் ஸ்லீவ் (பேரிங்குகளுக்கு இடையில் இருக்கும் நசுங்கும் குழாய்) நசுங்கி பேரிங்குக்கு அழுத்தம் கொடுக்கும். அளவு தாண்டி நசுங்கினால் நட்டைத் தளர்த்திச் சமாளிக்கக் கூடாது, புது ஸ்லீவ் போட்டு மறுபடி தொடங்கவேண்டும். தளர்த்திவிட்ட பினியன் சுமையில் முன்பின் நகரும். முதலில் ஊளைச் சத்தம், பிறகு பல் உடைப்பு. பற்களுக்கிடையே ப்ளே (இடைவெளி) 0.006 முதல் 0.010 அங்குலத்துக்குள் இருக்கவேண்டும். பல்லின் தடம் பார்க்கும் மஞ்சள் நிறப் பேஸ்ட்டைத் தடவிச் சுற்றிப் பார்த்தால் தடம் பல்லின் நடு உயரத்தில் விழவேண்டும். உச்சியிலோ அடியிலோ விழுந்தால் பினியன் ஷிம்மை (அதன் ஆழத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) மாற்றுங்கள். முதல் ஓட்டம் 15, 20 நிமிடம் மெதுவாக, பிறகு அரை மணி நேரம் ஆறவிடுங்கள். 500 மைல் வரை பாரம் இழுக்காமல் ஓட்டி, எண்ணெயை மாற்றுங்கள்.

அடுத்த கட்டுரையில் டாஹோவின் கிளவ் பாக்ஸில் ஒட்டியிருக்கும் குறியீட்டு ஸ்டிக்கரின் படத்தையும் போடுங்கள். அதில் ஜியூ6 இருந்தால் 3.42, ஜிடி4 என்றால் 3.73, ஜிடி5 என்றால் 4.10, ஜி80 என்றால் அந்த லாக்கர்.

இப்படிக்கு,
ஆக்சில் வேலை செய்யும் வாசகர்